மூடிக் கிடக்கும் மில் நிலத்தில் மறுபடி வேலை வருமா?

நூல்மில் மகன் (கோவை)

எங்கள் தெருவில் கடிகாரம் பார்த்து யாரும் பால் காய்ச்சியதில்லை. மில் சங்கு ஊதினால் அடுப்பு பற்றும். அப்பா பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் 26 வருஷம் வேலை பார்த்தார். வீட்டுக்கு வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்த மில் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. கேட்டில் பூட்டு, ஒரு வாட்ச்மேன், உள்ளே கூரை உயரத்துக்கு வேலிகாத்தான். மில்லின் பெயரைச் சொல்லவில்லை, சம்பளப் பாக்கி வழக்கு இன்னும் நடக்கிறது.

அந்த மதில் சுவரை ஒட்டிய சந்தில்தான் என் பட்டறை. 600 சதுர அடி வாடகை ஷெட், இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், என்னோடு நான்கு பேர். பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட், புஷ் ஜாப் ஆர்டர் செய்கிறோம். இரவு எட்டு மணிக்கு மேல் மெஷின் ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். அவரையும் குறை சொல்ல முடியாது, சுவருக்கு அடுத்த பக்கம் கைக்குழந்தை தூங்குகிறது. இரும்பு ராடு ஏற்றி வரும் வண்டி சந்துக்குள் திரும்பாது. முக்கில் நிறுத்திவிட்டுத் தோளில் சுமந்து வருகிறோம். மதிலுக்கு அந்தப் பக்கம் லாரி திரும்ப முற்றம் இருக்கிறது, ஏக்கர் கணக்கில் கூரை இருக்கிறது, ஆள்தான் இல்லை.

இது என் ஒருவன் கதை இல்லை. கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் வரிசையாக எழும்பின. நலிந்துபோன மில்களை 1974 சட்டத்தின் மூலம் மத்திய அரசு எடுத்துத் தேசிய பஞ்சாலைக் கழகத்திடம் கொடுத்தது. அந்தக் கழகத்தின் பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ் போன்ற மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன, பிறகு பழையபடி ஓடவில்லை. இவை தவிர தனியார் மில்கள் எத்தனையோ.

இந்த இடங்களில் மறுபடி தொழில் வர என்ன செய்ய வேண்டும்? வேறு ஊர்களில் எப்படிச் செய்தார்கள்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்.


சதுர அடி (கோவை)

நான் கட்டுமானத் துறையில் இருப்பவன், அதனால் என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் சொல்கிறேன். இந்த மில்களைக் கட்டும்போது அவை ஊருக்கு வெளியே இருந்தன. இன்று ஊருக்கு நடுவில் இருக்கின்றன. அவிநாசி ரோட்டில் ஒரு செண்டு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அந்த விலைக்கு வாங்கி, உள்ளே லேத் பட்டறை போட்டால் யாருக்கும் கட்டாது.

பாப்பநாயக்கன்பாளையத்தில் லட்சுமி மில்ஸ் வளாகத்தைப் பாருங்கள். 1910இல் தொடங்கிய நிறுவனம். பழைய கட்டடங்களை முழுக்க இடித்துத் தள்ளாமல் கடைகளும் உணவகங்களுமாக மாற்றினார்கள். 2023இல் லூலு ஹைப்பர் மார்க்கெட் வந்தது. அங்கேயும் நூற்றுக்கணக்கான பேர் வேலை பார்க்கிறார்கள். அதை வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது? வீடும் ஊருக்குத் தேவைதான். மில் நிலத்தை நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, பட்டறைகளுக்கு ஊருக்கு வெளியே நல்ல தொழிற்பேட்டை கட்டுவதுதான் நடக்கக்கூடிய காரியம்.


பரேல் லோக்கல் (மும்பை)

சதுர அடி அண்ணா, நீங்கள் சொன்ன அதே கணக்கை எங்கள் ஊரில் போட்டார்கள். நான் மாதுங்காவில் பிறந்து வளர்ந்தவன், அதனால் அது எப்படி முடிந்தது என்று சொல்கிறேன்.

1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலை நிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அது முறையாக முடியவே இல்லை. மில்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நகரத்தின் நடுவே சுமார் 600 ஏக்கர் மில் நிலம். 1991இல் விதி எண் 58 என்று ஒன்று கொண்டுவந்தார்கள். மில் நிலத்தை விற்றால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்கா மைதானம் போன்றவற்றுக்காக. ஒரு பங்கு வீட்டுவசதி வாரியத்துக்கு. மீதி ஒரு பங்குதான் முதலாளிக்கு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! 2001இல் அதைத் திருத்தினார்கள். மொத்த நிலத்தில் பங்கு இல்லை, கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் நிலத்தில் மட்டும்தான் பங்கு என்று மாற்றினார்கள். மில் என்றால் பெரும்பகுதி கட்டடம்தானே? பொதுமக்களுக்கு வர வேண்டிய பங்கு சுருங்கிப் போனது. உயர் நீதிமன்றம் 2005இல் தடுத்தது, 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இன்று லோயர் பரேலில் இறங்கிப் பாருங்கள். கண்ணாடிக் கோபுரங்கள், மால்கள். மில் தொழிலாளர் வீட்டுக் குலுக்கலுக்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். கிடைத்தவர்கள் அதில் கொஞ்சம் பேர்.

விற்பதற்கு முன்னால் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, எந்தத் திருத்தத்தாலும் அசைக்க முடியாதபடி பூட்ட வேண்டும். விற்ற பிறகு பேசினால் ஒன்றும் நடக்காது.


சதுர அடி (கோவை)

இந்த 2001 திருத்தம் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது. நன்றி தம்பி. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது: மூடிய ஆலைக்குள் மறுபடி ஆலையே வந்த கதை நம் மாநிலத்தில் இருக்கிறதா?


நான்காவது லைன் (சுங்குவார்சத்திரம்)

இருக்கிறது அண்ணா. எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர். நான் அங்கே இல்லை, அதற்கு உதிரி பாகம் செய்த ஒரு கம்பெனியில் இருந்தேன். பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்தேன், 19 வயது. பஸ் வீட்டு வாசலுக்கே வரும். என் அக்கா கல்யாணத்துக்கு நகை எடுத்தது என் சம்பளத்தில்.

2013இல் வருமான வரிப் பிரச்சினை வந்தது, சொத்துகளை முடக்கினார்கள். அப்புறம் மாநில அரசின் விற்பனை வரிக் கேட்பும் சேர்ந்துகொண்டது. 2014 ஏப்ரலில் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்குக் கொடுத்தபோது உலகமெங்கும் பெரும்பாலான ஆலைகள் கைமாறின. ஸ்ரீபெரும்புதூர் வழக்கில் மாட்டி வெளியே நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. என் கம்பெனியில் எங்களை ஒரு ஹாலில் உட்கார வைத்து, கையில் ஒரு தாளைக் கொடுத்து, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படித்துப் பார்க்கப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பெரிய ஆலை ஐந்து வருஷம் சும்மா கிடந்தது. 2018இல் இந்தியாவும் பின்லாந்தும் பேசி வரிப் பிரச்சினையைத் தீர்த்தன. 2019 நவம்பரில் சால்காம்ப் என்ற சார்ஜர் செய்யும் நிறுவனம் இடத்தை எடுப்பதாக அறிவிப்பு வந்தது, 2020இல் வேலை தொடங்கியது. அவர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? நான் பார்த்த வரையில், கட்டடம் இருந்தது, கரண்ட் இருந்தது, தண்ணீர் இருந்தது, எங்களைப் போல லைனில் நின்று பழகிய பெண்கள் சுற்றியுள்ள எல்லாக் கிராமத்திலும் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் சார்ஜர் செய்து கொடுக்கிற ஆப்பிள் போனை எங்கள் ஊரிலேயே ஃபாக்ஸ்கான் ஒன்றுசேர்க்கத் தொடங்கியிருந்தது. வாங்குபவர் பக்கத்தில் இருந்தார், அதனால் விற்பவர் வந்தார்.

ஆனால் ஒன்று. 2014இல் போன எல்லோரும் திரும்பி வரவில்லை. எனக்கு இடையில் இரண்டு குழந்தைகள். 19 வயதில் எடுத்துக்கொண்ட கம்பெனிகள் 25 தாண்டிய கல்யாணமானவளைப் பார்த்துத் தயங்குகின்றன. ஆலை திறந்துவிட்டது என்று பேப்பரில் படிப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.


நூல்மில் மகன் (கோவை)

அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்தப் பத்து நிமிஷம் எனக்கும் தெரியும்" என்றார்.

மறைமலை நகர் ஃபோர்டும் இதே வழியில்தான் வருகிறது. 2021 செப்டம்பரில் வெளியேறுவதாக அறிவித்தார்கள், 2022 ஜூலையில் கடைசி கார் வந்தது. 2024 செப்டம்பரில் மறுபடி வருவோம் என்று கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் கடைசியில் 3,250 கோடி ரூபாயில் எஞ்சின் தயாரிப்பு, 2029இல் உற்பத்தி என்று அறிவிப்பு. அறிவித்திருக்கும் வேலை சுமார் 600. அதே கம்பெனியின் குஜராத் சாணந்த் ஆலை நேர் எதிர்: டாடா 725.7 கோடிக்கு வாங்கி 2023 ஜனவரியில் எடுத்துக்கொண்டது, ஆலையின் தொழிலாளிகளுக்கும் அங்கேயே வேலை கொடுத்தது. ஆலை சூடு ஆறுவதற்குள் கைமாறினால் ஆளும் மிஞ்சுகிறார்கள், ஆலையும் மிஞ்சுகிறது.


எம்ஷர் கரை (டோட்முண்ட், ஜெர்மனி)

வணக்கம். நான் யாழ்ப்பாணத்து ஆள், 1980களின் கடைசியில் இங்கே வந்தேன். நான் வந்தபோது இந்த ரூர் பிரதேசம் முழுக்க நிலக்கரியும் இரும்பும்தான். நான் இருந்த காலத்திலேயே ஒவ்வொன்றாக மூடினார்கள். எங்கள் கண்ணுக்கு முன்னால் நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

டோட்முண்டில் ஹோர்டே என்ற பகுதியில் ஃபீனிக்ஸ் உருக்காலை. 2001இல் நின்றது. சீனக் கம்பெனி ஒன்று அதை வாங்கி, ஆயிரம் பேரளவில் சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து, ஒவ்வொரு துண்டாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. போல்ட் நட்டுக்கெல்லாம் இலக்கம் எழுதினார்கள் என்று சனம் கதைக்கும். மிஞ்சிய பள்ளத்தை ஏரியாக்கினார்கள். 2010 ஒக்டோபரில் தண்ணீர் விடத் தொடங்கினார்கள், 24 ஹெக்டேர் ஏரி. வடிவான இடம், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போவோம். ஆனால் ஏரிக்கரை வீடுகளின் விலை அந்த உருக்காலையில் வேலை செய்த குடும்பங்களுக்கு எட்டாது. அது மனதுக்குக் கஷ்டமான விஷயம். இதே ஆலையின் மேற்குப் பகுதியை வேறு மாதிரிச் செய்தார்கள். இரும்பு உருக்கிய ஊதுலையை அப்படியே நிற்க விட்டு, சுற்றிவர நுண்தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கான பூங்கா போட்டார்கள். புதிதாகத் தொடங்கும் சின்னக் கம்பெனிக்கு, சொந்தமாகக் கட்ட முடியாத, தூசி புகாத தூய அறைகளை வாடகைக்குக் கொடுக்கும் கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது. இன்னொன்று: பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் தொழில்நுட்ப மையத்தை 1985இலேயே தொடங்கிவிட்டார்கள். கடைசி உருக்காலை மூடுவதற்குப் பதினாறு வருஷம் முந்தி!

அடுத்தது பக்கத்து நகரம், பெயர் போகும் (Bochum). ஸ்ரீபெரும்புதூர் சகோதரி நோக்கியா பற்றி எழுதியபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. அதே நோக்கியா 2008இல் போகுமிலும் ஆலையை மூடி 2,300 பேரளவில் வீட்டுக்கு அனுப்பியது. வேலையை ருமேனியாவுக்குக் கொண்டு போனது. ஊர் கொதித்தது. ஆனால் நோக்கியாவில் இருந்த பொறியியலாளர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. அவர்களுக்காகவே பிளாக்பெர்ரி போகுமில் ஆராய்ச்சிக் கூடம் திறந்தது. பிளாக்பெர்ரி விழுந்தபோது 2014இல் அந்தக் கூடத்தை ஃபோல்க்ஸ்வாகன் வாங்கியது. இன்று அங்கே கார் மென்பொருள் செய்கிறார்கள். கம்பெனி இரண்டு தரம் மாறியது, மனிதர் அதே மனிதர்.

அதே 2014 டிசம்பரில் அதே ஊரில் ஓப்பல் கார் ஆலையும் மூடியது. அந்த ஆலையே பழைய நிலக்கரிச் சுரங்க நிலத்தில் 1960களில் கட்டினது. இந்த முறை நகரசபை காத்துக்கொண்டு நிற்கவில்லை. ஓப்பலும் நகரசபையும் சேர்ந்து ஒரு கூட்டுக் கம்பெனி அமைத்து, நிலம் அதன் கைக்குப் போனது. நிர்வாகக் கட்டடம் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை இடித்தார்கள், மண்ணைச் சுத்தம் செய்தார்கள், பழைய சுரங்கக் குழிகளை நிரப்பினார்கள், பிறகு துண்டு துண்டாகக் கொடுத்தார்கள். முதலில் டிஎச்எல் பார்சல் நிலையம் வந்தது, பிறகு ஆராய்ச்சிக் கூடங்கள், மென்பொருள் கம்பெனிகள். ஒரே ஒரு பெரிய ஆளுக்கு மொத்த நிலத்தையும் விற்காததுதான் அவர்கள் செய்த நல்ல காரியம் என்பது என் எண்ணம். ஒருத்தர் போனால் ஊர் விழாது.

எங்கள் யாழ்ப்பாணத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1950இல் வந்தது, 1990இல் யுத்தத்தோடு நின்றது. என் மாமா அங்கே ஃபிட்டர். அவ்வளவு பெரிய இடம், பக்கத்தில் துறைமுகம், தண்டவாளம், எல்லாம் இருந்தும் ஒரு தலைமுறை போய்விட்டது.


கம்பெனி சட்டம் (சென்னை)

நல்ல இழை. சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பல மூடிய ஆலைகள் துருப்பிடித்துச் சாவதில்லை, கோர்ட் கட்டுகளுக்குள் சாகின்றன.

தனியார் கம்பெனி என்றால் 2016 திவால் சட்டம் பொருந்தும். கம்பெனியைக் கலைக்கும் நிலை வந்தால், நடைமுறைச் செலவு போக, தொழிலாளியின் கடைசி 24 மாதப் பாக்கி, அடமானம் வைத்திருக்கும் வங்கியின் கடனோடு சம வரிசையில் நிற்கும். பிஎஃப், கிராஜுவிட்டி நிதி அந்த வரிசைக்குள்ளேயே வராது, அது தொழிலாளியின் தனிச் சொத்து. இது தெரியாமல் பலர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கலைக்கும் நிலைக்குப் போகும் முன்பே, கம்பெனியை இயங்கும் நிலையில் வேறொருவரிடம் ஒப்படைக்கவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் கரண்ட் துண்டித்து, மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் "இயங்கும் நிலை" என்பது காகிதத்தில்தான் இருக்கும்.

தேசிய பஞ்சாலைக் கழக நிலம் வேறு கதை. அது மத்திய அரசின் கையில். மத்திய பொதுத்துறையின் உபரி நிலங்களைப் பணமாக்க 2022 மார்ச்சில் தேசிய நிலப் பணமாக்கல் கழகம் என்று ஒன்றுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பணமாக்கல் என்றால் அதிக விலைக்கு ஏலம் என்று மட்டும் அர்த்தம் கொண்டால் சதுர அடி அவர்கள் சொன்னபடி வீடுதான் வரும். நீண்ட காலக் குத்தகையும் பணமாக்கல்தான். அதை மாநில அரசு இப்போதே கேட்டு வைக்க வேண்டும். ஏல அறிவிப்பு வந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.


மண் பரிசோதனை (வாலாஜா)

யாரும் மண்ணைப் பற்றிப் பேசவில்லையே என்று எழுதுகிறேன். என் வேலையே அதுதான்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் குரோமேட் ஆலை ஒன்று 1990களில் மூடியது. லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு அங்கேயே கொட்டிக் கிடக்கிறது. மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் ஓடும். சுற்றிலும் தொழிற்பேட்டை, நல்ல சாலை, பக்கத்தில் ரயில். இருந்தும் அந்த இடத்தை யாரும் தொட மாட்டார்கள். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடியது. அங்கே மண்ணில் பாதரசம் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்ற விவாதமே பல வருஷம் நடந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது. வாங்க வருகிறவருக்கு நிலத்தின் விலையைவிடப் பயம் தருவது, வாங்கிய பிறகு இந்தக் கழிவு தன் தலையில் விழுமோ என்பதுதான்.

2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகப்படும் இடங்களை மாவட்டத்திலிருந்து தெரிவிக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதிக்க வேண்டும், கெடுத்தவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும். இதை உங்கள் ஊரில் பயன்படுத்துங்கள்.

நூல்மில் மகன் அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நூற்பு மட்டும் நடந்த மில் என்றால் மண் பெரும்பாலும் மோசமாக இருக்காது. பார்க்க வேண்டியவை: பழைய டிரான்ஸ்ஃபார்மர் நின்ற மேடை, பர்னஸ் ஆயில் டாங்க், கல்நார் ஷீட் கூரை. கல்நாரை உடைத்து எடுக்காதீர்கள், நனைத்துவிட்டு முழு ஷீட்டாகக் கழற்ற வேண்டும், தூள்தான் நுரையீரலுக்கு ஆபத்து. சாயப்பட்டறை உள்ளே இருந்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள். இருந்திருந்தால் பழைய கழிவுநீர்க் குழி எங்கே என்பது அவர் தலைமுறைக்குத்தான் தெரியும். எந்த வரைபடத்திலும் இருக்காது.


சாம்பியன் ரீஃப் பேரன் (கோலார் தங்கவயல்)

எங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து போனவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர். 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். அன்றிலிருந்து ஊரில் ஆண்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். சயனைடு கலந்த கழிவு மண் மலைகள் ஊர் நடுவே நிற்கின்றன, காற்றடித்தால் வீட்டுக்குள் வெள்ளைத் தூசி. அந்த மண்ணில் மிஞ்சிய தங்கத்தை எடுக்க ஒப்புதல், தொழிற்பூங்காவுக்கு நிலம் என்று அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெங்களூர் வளர்ந்த இந்த இருபது வருஷத்தில், நூறு கிலோமீட்டரில் இவ்வளவு பழகிய ஆட்களும் நிலமும் இருந்தும் எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. நிலத்துக்கு மத்திய அரசா மாநில அரசா என்பது முடிவாகாததே பெரிய காரணம். மேலே வக்கீல் ஐயா சொன்னது சரி.


பழைய பதிலி (சிங்காநல்லூர்)

தம்பி, நான் பதிலித் தொழிலாளியாக (நிரந்தர ஆள் வராத நாளில் வேலை பார்ப்பவன்) சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, சங்கத்தில் செயற்குழு வரைக்கும் இருந்தவன். வயது 74. பேரன் டைப் செய்து தருகிறான்.

முதலில் பாக்கி. அதைத் தீர்க்காமல் யார் உள்ளே புது போர்டு மாட்டினாலும் நான் கேட்டில் உட்காருவேன். ரங்கவிலாஸ் மில் தொழிலாளிகள் நான்கு பேரைச் சின்னியம்பாளையம் வழக்கில் 1946 ஜனவரி 8 அன்று தூக்கில் போட்ட மண் இது. இந்த மில் நிலத்துக்கு முதலாளியின் பத்திரம் மட்டும் பத்திரம் இல்லை.

இரண்டாவது, நீங்கள் எல்லாரும் நிலம் நிலம் என்கிறீர்கள். நிலத்தைவிடப் பெறுமானம் உள்ளது கூரை. எங்கள் மில் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும், கண்ணாடி எல்லாம் வடக்குப் பார்த்து. வெயில் உள்ளே அடிக்காது, வெளிச்சம் மட்டும் நாள் முழுக்கச் சமமாக விழும். இழை அறுந்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். லேத்தில் மைக்ரோமீட்டர் பார்க்கிறவனுக்கும் அதே வெளிச்சம்தானே வேண்டும்? தரை, வரிசை வரிசையாக ஸ்பின்னிங் ஃபிரேம் தாங்கிய தரை. உன் லேத்துக்குத் தனி பவுண்டேஷன் தேவைப்படாது. உயர் அழுத்த மின் (ஹெச்.டி.) லைன் கேட் வரை வந்து நிற்கிறது. இதை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே புதிதாகக் கட்ட வேண்டும் என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.


சதுர அடி (கோவை)

ஐயா, வடக்கு வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் எழுதிய பிறகு நேற்று ஒரு பழைய மில் கட்டடத்துக்குள் போய் நின்று பார்த்தேன். உண்மைதான். மதியம் இரண்டு மணிக்குக்கூட லைட் போடத் தேவையில்லை. இதை இடிக்கும் டெண்டருக்கு நானே விலை கொடுத்திருக்கிறேன், உள்ளே நிமிர்ந்து பார்த்ததில்லை.

என் கணக்கைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். மெயின் ரோட்டைப் பார்த்த முன்பகுதி மட்டும் கடை, அலுவலகம் என்று நல்ல வாடகைக்குப் போகட்டும். அந்த வருமானம் பின்பகுதி ஷெட்டுகளைப் பழுது பார்க்கவும் தொழிலாளர் பாக்கிக்கும். பின்பகுதி பட்டறைகளுக்குக் குறைந்த வாடகை. கிண்டியிலும் அம்பத்தூரிலும் மாநில அரசின் சிறுதொழில் கழகமான சிட்கோ அடுக்குமாடித் தொழில் வளாகங்கள் கட்டியிருக்கிறது, வாடகைக்கு வந்து மெஷினைப் போட்டு ஓட்டலாம். அதே யோசனையைப் பழைய கட்டடத்தில் செய்தால் கட்டுமானச் செலவே பாதி மிச்சம். ஆனால் ஒரு நிபந்தனை. வீட்டை ஒட்டிய பக்கம் பவர் பிரஸ், பவுண்டரி வேண்டாம். அங்கே அசெம்பிளி, பேக்கிங், பெண்கள் அதிகம் வேலை பார்க்கும் யூனிட் வைக்கலாம்.


நான்காவது லைன் (சுங்குவார்சத்திரம்)

அப்படி யூனிட் வைத்தால் வாடகை ஒப்பந்தத்திலேயே ஒன்று எழுதுங்கள்: 25 வயதுக்கு மேற்பட்ட பெண்களையும், அந்த மில்லில் வேலை பார்த்தவர்களின் குடும்பத்தையும் முதலில் எடுக்க வேண்டும். வளாகத்துக்குள் ஒரு குழந்தைகள் காப்பகம் வேண்டும். அது இருந்திருந்தால் நான் இன்று லைனில் நின்றிருப்பேன்.


நூல்மில் மகன் (கோவை)

எல்லோரும் எழுதியதை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் சந்து, அடுத்த மூன்று தெருக்கள் எல்லாவற்றையும் நானும் நண்பர்களும் சுற்றி எண்ணினோம். வாடகை ஷெட்டில் 43 பட்டறைகள். அதில் 31 பேர் "கூரையும் கரண்டும் சரியாக இருந்தால் இப்போது கொடுக்கும் அதே வாடகைக்கு மில்லுக்குள் வருகிறோம்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெரிய கம்பெனியைத் தேடிப் பறக்கும் முன்னால், மதிலுக்கு வெளியே ஏற்கெனவே நிற்கும் இந்த 31 பேரை உள்ளே விட்டால் போதும், சங்கு ஊதலாம் என்று நான் நம்புகிறேன். அவர்கள் வந்தால் அவர்களிடம் வாங்குகிற பம்ப் கம்பெனியும் மோட்டார் கம்பெனியும் அடுத்த ஷெட்டைக் கேட்கும். ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததன் மறுபக்கம் இது.

மனுவில் நான்கு விஷயம் கேட்கப் போகிறோம். முன்னாள் தொழிலாளர் பாக்கிக்கு வாடகையில் பங்கு, முதல் மாதத்திலிருந்தே. விற்பனை வேண்டாம், 30 வருஷக் குத்தகை. மொத்தமாக ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது. கொடுக்கும் முன் மண் பரிசோதனை. அக்கா சொன்ன காப்பகத்தையும் சேர்த்து எழுதிவிட்டேன். மில் இன்னும் வழக்கில் இருப்பதால் கலெக்டரிடம் மட்டும் போனால் போதுமா, கம்பெனி வழக்கைப் பார்க்கும் தீர்ப்பாயத்திலும் மனு போட வேண்டுமா?


கம்பெனி சட்டம் (சென்னை)

கலைக்கும் உத்தரவு ஏற்கெனவே வந்திருந்தால் முதலில் கலைப்பு அலுவலரிடம் (கம்பெனிச் சொத்தை விற்றுப் பாக்கிகளைத் தீர்க்க நியமிக்கப்பட்டவர்) எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் கலெக்டருக்கு. விற்பனை அறிவிப்பு வருவதற்கு முன் கொடுக்க வேண்டும். 31 பேர் தனித்தனியாகப் போனால் எடுபடாது. ஒரு சங்கமாகவோ கூட்டுறவாகவோ பதிவு செய்துகொண்டு, அதன் பெயரில் குத்தகை விண்ணப்பம் போடுங்கள். தொழிலாளர் சங்கத்தின் பாக்கிக் கோரிக்கை முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று பெரியவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவாகாத பாக்கி வரிசையில் நிற்காது.


பழைய பதிலி (சிங்காநல்லூர்)

பதிவாகி இருக்கிறது. 412 பேர் பட்டியல் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, அதில் 90 பேருக்கு மேல் செத்துப் போனார்கள், வாரிசு பெயர் சேர்க்க வேண்டும். தம்பி, ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் பக்கம் ஒரு பழைய குழி இருந்தது, அது எங்கே என்று உன் அப்பாவும் நானும் சேர்ந்தால் காட்ட முடியும். வாலாஜா அம்மாவிடம் மண் எத்தனை அடி ஆழத்தில் எடுக்க வேண்டும் என்று கேட்டு வை.


மண் பரிசோதனை (வாலாஜா)

ஐயா, குழி இருந்த இடத்தில் மேல் மண் ஒன்று, ஒரு மீட்டரில் ஒன்று, இரண்டு மீட்டரில் ஒன்று. வளாகத்துக்குள் கிணறு இருந்தால் தண்ணீரும் இரண்டு பாட்டில். கண்ணாடி பாட்டிலாகப் பார்த்து எடுங்கள். வாட்ச்மேனிடமும் கலைப்பு அலுவலரிடமும் அனுமதி வாங்கிய பிறகுதான் தோண்ட வேண்டும். தேதி சொன்னால் நானே வருகிறேன்.